இரண்டு இருக்கை ஜெட்

மருதமுனை
11.06.2023

அன்புள்ள தம்பி றிம்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மகன் அஹ்ஸனும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். அங்கே வெயில் கடுமை என்று செய்தியில் சொன்னார்கள். தண்ணீர் குடிக்க மறக்காதே.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். காரணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ எடுக்கிறாய், பிள்ளையோடு கதைக்கிறாய், வைத்துவிடுகிறாய். அதற்குப் பிறகு நடப்பது உனக்குத் தெரியாது. அவன் போனைத் தருவதில்லை. அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் போய்க் குந்திக்கொண்டு மேலும் கதைக்கிறான். "ஓம் வாப்பா" என்கிறான். மறுமுனையில் ஒருவர் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறான். பிறகு "அது எப்ப?" என்று கேட்கிறான். வாங்கிப் பார்த்தால் திரை கறுப்பு.

ஐந்து வயதுப் பிள்ளைகள் இப்படி விளையாடுவதுதான். எனக்கு அதில் பயம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று முழுக்கச் சாப்பிடுவதில்லை. அதனால் கொஞ்சக் காலத்துக்குப் போனில் கதைப்பதை விடுவோம். எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

அவனுடைய உம்மா மௌத்தாகி நாம் அடக்கம் செய்தபோது அவனுக்கு ஒன்றரை வயது. உன்னைக் கடைசியாகப் பார்த்தது மூன்று வயதில். வருகிற பெப்ரவரியில் முதலாம் வகுப்பு. முதல் நாள் நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன் என்று சொன்னவன் நீ. அவன் அதை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

அவனுக்கு ஒரு ஜெட் வேண்டுமாம். கல்முனைக் கடையில் ஒன்றைக் காட்டினேன், வேண்டாம் என்றுவிட்டான். "அது உள்ளுக்கு ஆள் இல்லாத பிளேன் மாமி." உனக்கு வழி தெரிந்தால் பார்.

துஆவில் எங்களைச் சேர்த்துக்கொள்.

ராத்தா
மர்ஷூதா


டோஹா
02.07.2023

அன்பின் ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் இருவரும் சுகம் என்று வாசித்ததே எனக்குப் பெருநாள். உங்கள் கடிதம் வந்த அன்று கராஜில் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் கடிதம் என்றால் ஒன்று கோர்ட், இல்லாவிட்டால் காதல் என்று கேதீஸ்வரன் தீர்ப்புச் சொன்னார். என் அறையில் இருக்கும் காரைதீவு ஆள். நெளிந்த தகரத்தை அவர் தட்டி நிமிர்த்துவார், அதற்கு மேல் நான் பெயின்ற் அடிப்பேன். அவர் தட்டிய இடத்தை யாராலும் கண்டுபிடிக்க ஏலாது. நான் அடித்த இடத்தையும்தான்.

மகனுக்கு ஒரு பெட்டி அனுப்புகிறேன். இங்கே வேலை செய்யும் நம்மூர் மீராமுகைதீன் காக்கா லீவில் வருகிறார், கொண்டுவந்து தருவார். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள் ஒரு சட்டத்தில் ஒட்டியபடி இருக்கும். கையால் முறிக்க வேண்டாம். நகவெட்டியால் வெட்டி, விளிம்பை சேண்ட் பேப்பரால் தேயுங்கள். ஒட்டின துண்டை ஒரு நாள் விட்டுவிட வேண்டும். முதலில் அடிப்பூச்சாக வெள்ளைப் பிறைமர். அது காய்ந்த பிறகு சாம்பல் நிறம், மெல்லிசாக மூன்று தடவை. அவசரப்பட்டு ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் வழிந்து கண்ணீர் மாதிரி நிற்கும். அப்படி ஒன்றைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது, உங்களுக்குத் தெரியும். தின்னரைப் பிள்ளையின் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

இது இரண்டு பேர் இருக்கிற ஜெட். பெட்டிக்குள் இரண்டு மனிதர்களும் இருக்கிறார்கள், சுண்டுவிரல் நுனி அளவு. முன்னுக்கு இருப்பது வாப்பா, பின்னுக்கு இருப்பது கேதீஸ் மாமா என்று சொல்லுங்கள். ஆள் இல்லாத பிளேன் வேண்டாம் என்றானே.

பெப்ரவரி லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வருவேன்.

உங்கள் தம்பி
றிம்சான்


மருதமுனை
06.08.2023

தம்பி,

உனக்கு ஸலாம். பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. நீ நல்ல நிறமாக இருப்பதாக மீராமுகைதீன் காக்கா சொன்னார். அந்த வெயிலில் அது எப்படி என்று நான் கேட்கவில்லை.

அஸர் தொழுதுவிட்டு சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்துக்கொண்டு இருப்போம். அவன் துண்டின் இலக்கத்தைச் சொல்வான், நான் வெட்டுவேன். முதல் கிழமையே இடது இறக்கையை வலது பக்கம் ஒட்டிவிட்டேன். பிரித்தெடுக்கப் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. நான் பாடசாலையில் இருக்கும் நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஹப்ஸா, கம்பஸ் போய் இரசாயனவியல் படித்தவளுக்கு இடம் வலம் தெரியவில்லையே என்று தன் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

அவளால்தான் இன்னொரு வேலையும் வந்தது. இரண்டு மனிதர்களுக்கும் முகத்தில் நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன். வந்து எட்டிப் பார்த்தாள்.

"கண் மூக்கு வெச்ச உருவம் டீச்சர். தொழுற வீட்டில இத வெச்சா மலக்கு வராது. படிச்ச ஆக்களுக்கு நான் சொல்லணுமா?"

இந்த அளவு மனிதனைக் கண்டா வானவர் திரும்பிப் போவார் என்று கேட்க வாய் வரை வந்தது. நாளைக்கும் அவள் பிள்ளையைப் பார்க்க வேண்டும். அதனால் சேண்ட் பேப்பரை எடுத்து இருவருடைய கண்ணையும் மூக்கையும் தேய்த்து மொட்டையாக்கினேன். அஹ்ஸன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண் இல்லாட்டி வாப்பாக்கு எப்பிடி வழி தெரியும்?"

முன்னால் இருக்கிற கருவிகளைப் பார்த்து ஓட்டுவார் என்றேன்.

"கருவியப் பாக்கவும் கண் வேணுமே மாமி."

இந்தக் கேள்வி உனக்கு. பதில் இருந்தால் எழுது. உடம்பைக் கவனித்துக்கொள்.

மர்ஷூதா


டோஹா
27.08.2023

ராத்தாவுக்கும் என் கண்மணி அஹ்ஸனுக்கும் ஸலாம்.

இங்கே வேலை கூட. சுகத்துக்குக் குறைவில்லை.

மகனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்: வாப்பாவுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வீட்டுக்கு வழி தெரியும். கடற்காற்று வலது கன்னத்தில் அடித்தால் கல்முனையிலிருந்து மருதமுனைக்கு வந்துகொண்டிருக்கிறேன். இடது கன்னத்தில் அடித்தால் வீட்டைத் தாண்டிப் பெரியநீலாவணை வரை போய்த் திரும்பி வருகிறேன். அவ்வளவுதான்.

வாலுக்கு என்ன நிறம் என்று அவனே சொல்லட்டும். முடிந்ததும் படம் அனுப்புங்கள்.

பின் இருக்கைக்காரர் தனக்கு மீசை வைக்கச் சொல்கிறார். மூக்கே இல்லாதவனுக்கு மீசை எங்கே வைப்பது என்று கேட்டேன். ஒரு மணித்தியாலம் என்னோடு கதைக்கவில்லை.

றிம்சான்


மருதமுனை
24.09.2023

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கிழமை எனக்குத் தடிமன், ஒரே தும்மல். அவனுக்கு ஒன்றும் இல்லை.

சாம்பல் நிறம் முடிந்தது. வால் பச்சை, அவன் தெரிவு. இடது இறக்கையில் மூன்றாம் தடவை நான் பொறுமை இழந்துவிட்டேன். வழிந்துவிட்டது. நீ சொன்ன அதே கண்ணீர். மறைக்காமல் அதையும் சேர்த்தே இன்று போனில் படம் அனுப்புகிறேன். வசை எழுது.

இரவில் அதைக் கடலைப் பார்த்து ஜன்னலில் வைப்போம். காலையில் மூக்கு நாம் தொழுகிற கிப்லாப் பக்கம், மேற்கே, திரும்பியிருக்கும். நீ இருக்கிற கட்டாரும் அந்தப் பக்கம்தான் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆகவே திருப்புகிறவன் யார் என்பதில் ஆச்சரியம் இல்லை.

இன்று காலை நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. சுபஹுக்குப் பிறகு தேத்தண்ணியோடு வந்து பார்க்கிறேன், முன் இருக்கை மனிதனின் முகத்தில் இரண்டு துண்டுப் பஞ்சு. கண் இருந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில். தலையணையின் மூலையைக் கிழித்து எடுத்து, நம்முடைய பசையால் ஒட்டியிருக்கிறான். எடுக்கப் போனேன்.

"கழட்டிராதீங்க மாமி. கொஞ்ச நாளைக்கு இப்பிடித்தான் இரிக்கணும்."

குர்ஆன் ஓதப் போகிற இடத்தில் உருவத்தின் முகம் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். நான் தேய்த்தது போதாதென்று இவன் மூடியும் விட்டான். ஹப்ஸாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி, "பாத்தீங்களா டீச்சர், இதுக்கு இரிக்கிற அறிவு ஒங்களுக்கு இல்ல" என்றாள். நானும் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். பின்னால் இருக்கிற மாமாவுக்கு ஏன் ஒட்டவில்லை என்று கேட்டதற்கு, "அவருக்கு இப்ப ஒண்டுமில்ல" என்றான். நம்முடைய மார்க்கம் இல்லாத காரைதீவுக்காரருக்கு விலக்குக் கொடுத்திருக்கிறான் போல. கேதீஸ்வரனிடம் சொல், சிரிப்பார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

மர்ஷூதா


மருதமுனை
29.10.2023

றிம்சான்,

ஸலாம். என் கடிதம் கிடைத்ததா? போன் அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. கேட்டால் "சுகம், வேலை கூட" என்று எழுத்தில் மட்டும் வருகிறது. ஒரே வசனம் நான்கு தடவை வந்துவிட்டது. படங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பிள்ளை உன்னைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டான். சாப்பிடுகிறான், நித்திரை கொள்கிறான். என்னைத்தான் தேற்றுகிறான். "வாப்பா படுத்திரிக்கார் மாமி, பொறகு எழும்புவார்" என்றான் நேற்று.

இரண்டு வரியாவது உன் கையால் எழுது.

ராத்தா


டோஹா
12.11.2023

அன்பின் ராத்தாவுக்கு,

ஸலாம். நான் சொல்லச் சொல்ல கேதீஸ்வரன் எழுதுகிறார். எழுத்து வேறாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலது மணிக்கட்டு சுளுக்கிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது. மற்றப்படி சுகம்.

படங்கள் பார்த்தேன். மிகவும் அழகாக இருக்கிறது. சாம்பல் நிறம் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

பெப்ரவரி லீவு கிடைப்பது கஷ்டம் போல் தெரிகிறது. மகனிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

மாரி தொடங்கியிருக்கும். வெள்ளம் வந்தால் அவனைக் கடற்கரைப் பக்கம் விடாதீர்கள்.

றிம்சான்
(கை: கேதீஸ்வரன்)


மருதமுனை
26.11.2023

தம்பி கேதீஸ்வரனுக்கு,

நீங்களும் காரைதீவில் உங்கள் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் உங்களுக்கு. றிம்சானுக்கு வாசித்துக் காட்டுவதற்கு முன் தனியாக இருந்து வாசியுங்கள்.

நான் அனுப்பிய படத்தில் இடது இறக்கையில் பெயின்ற் வழிந்து தடித்து நிற்கிறது. நிறம் தெரியாத ஆளுக்கும் அது தெரியும். என் தம்பி பதினெட்டு வயதில் எங்கள் வாசல் கதவுக்குப் பெயின்ற் அடித்தான். அதில் பயறு அளவு ஒரு துளி வழிந்திருந்தது என்பதற்காக முழுக் கதவையும் சுரண்டி மறுபடி அடித்தவன். அவன் அந்த இறக்கையைப் பார்த்துவிட்டு "ஒரு குறையும் சொல்வதற்கில்லை" என்று சொல்ல மாட்டான்.

மணிக்கட்டுச் சுளுக்கினவனால் போனில் கதைக்க முடியும்.

ஒன்றில் அவன் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இல்லாவிட்டால் அவனால் பார்க்க முடியவில்லை. எது என்று மட்டும் எழுதுங்கள்.

மர்ஷூதா


டோஹா
15.12.2023

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைக் கழிவறைக்குள் போய் நின்று வாசித்தேன். மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இனி மறைக்க என்னால் ஏலாது.

பழைய பெயின்றைக் கழற்றுகிற மருந்தைக் குழாயால் அடிக்கிறபோது குழாய் வெடித்துவிட்டது. இரண்டு கண்ணிலும் பட்டது. நான்தான் தண்ணீர்ப் பைப்புக்குக் கீழே தலையைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் பஞ்சு வைத்துக் கட்டினார்கள். இடது கண் இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அக்கா. வலது கண்ணைக் காப்பாற்றலாம், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அன்றிலிருந்து அவருடைய போன் என்னிடம்தான். உங்களுக்கு "சுகம், வேலை கூட" என்று அனுப்பியது நான். உங்கள் படங்களில் பெயின்ற் வழிந்திருந்ததை நானும் கண்டேன், சொன்னால் அவர் மனம் நோகும் என்று, கடிதத்திலும் அந்த வரிகளை விட்டுவிட்டு வாசித்து, படம் அழகு என்றேன். அதுதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆனால் அவர் உங்களிடம் ஏன் மறைத்தார் என்பது வேறு கதை. ஆரம்பத்தில் கட்டு அவிழ்ந்த பிறகு சொல்வோம் என்றுதான் இருந்தார். பிறகு உங்களுடைய பஞ்சுக் கடிதம் வந்தது. கட்டிலில் படுத்திருந்தவருக்கு நான் வாசித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்துத்தான் வாசித்தேன். பஞ்சு என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"கேதீஸ், மேல என்ன திகதி போட்டிரிக்கா?"

சொன்னேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா, விபத்து நடந்ததும் அதே நாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. நீங்கள் காலையில் என்று எழுதியிருந்தீர்கள்.

இரவு சாப்பாடு கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "இது ஊருக்குத் தெரிஞ்சா என்ட புள்ளைய ஓதிப் பாக்க, தண்ணி ஊத்த எண்டு இழுத்துக்கொண்டு திரிவாங்க. ராத்தாக்குத் தெரிஞ்சா அவவும் அவன வேற மாதிரிப் பாப்பா." அதற்குப் பிறகு அந்தக் கதையே இல்லை. உங்களிடம் சொல்வதில்லை என்று அவருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை நான் மீறிவிட்டேன். அம்மன் மன்னிக்க வேண்டும், நீங்களும்.

இப்படிக்கு
கேதீஸ்வரன்


மருதமுனை
07.01.2024

அன்புள்ள றிம்சானுக்கு,

உனக்கு அல்லாஹ்வின் ஸலாம். வெள்ளிக்கிழமை போனில் கதைத்தபோது நாம் இருவரும் மழையைப் பற்றியும் மீன் கிடைக்காததைப் பற்றியும்தான் கதைத்தோம். கடைசியில் ஒரு நிமிடம் கண்ணைப் பற்றி. இனிக் கதைக்க முடியாததை எழுதுகிறேன். கேதீஸ்வரன் வாசிக்கட்டும், அவரிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை.

அந்த மருந்து அமிலமா காரமா என்று நான் கேட்டதற்கு நீ ஏன் என்று கேட்டாய். காரம் என்றால் பட்ட இடத்தோடு நிற்காது, உள்ளே இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுகிற விடயம்தான் அது. டாக்டரிடம் கேட்டு எழுது.

இனி மற்றது. இரண்டு சம்பவம் அடுத்தடுத்து நடந்தால் ஒன்று மற்றதுக்குக் காரணம் என்று எழுதுகிற மாணவிக்கு நான் புள்ளி குறைப்பேன். அதனால் முறையாக யோசித்தேன். போனில் கேட்டிருப்பான் என்று வைத்தால், அன்று காலை கேட்பதற்கு எந்தச் செய்தியும் இல்லை. தின்னர், கண் என்று நீ முன்பு எழுதியதை நான் வாசித்துக் காட்டினேன், அதை வைத்து விளையாடியிருக்கலாம். அது பொருந்துகிறது. தலையணையைக் கிழிக்க அன்றைக்குத்தான் தோன்றியது என்பதும் நடக்கக்கூடியதுதான். இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். அந்த முகத்திலிருந்து கண்ணைத் தேய்த்து எடுத்தது என் கை என்பதையும் யோசித்தேன். அதையும் அதே இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

உன் வலது கண் கட்டை வியாழக்கிழமை அவிழ்த்ததாகச் சொன்னாய். அவன் புதன்கிழமை மாலை ஜன்னலடியில் இருந்து நகத்தால் எதையோ கிள்ளிக்கொண்டிருந்தான். பார்த்தால் வலது பஞ்சு. "இது சரி மாமி" என்று என் உள்ளங்கையில் வைத்தான். இடதைத் தொடவில்லை. இதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை.

ஹப்ஸாவுக்கு உன் விபத்து தெரியும், திகதி தெரியாது. தெரியவும் வராது. பிள்ளையை வேறு மாதிரிப் பார்ப்பேன் என்று நீ பயந்திருக்கிறாய். மெய்யைச் சொல்கிறேன். அவன் விமானத்தைத் தொடும்போது நான் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுகிறேன். அவ்வளவுதான்.

இந்த முகத்தோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கமாட்டேன் என்றாய். பிள்ளைக்கு வேண்டியது உன் கை. அது இரண்டும் இருக்கிறது. வா.

மர்ஷூதா


மருதமுனை
03.03.2024

அன்புள்ள தம்பி கேதீஸ்வரனுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

றிம்சான் வந்து சேர்ந்தான். வேனில் கல்முனையைத் தாண்டியதும் ஜன்னலைத் திறக்கச் சொல்லி, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு வந்தான். வலது கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிகிறது, ஆனால் தெரிகிறது. எங்கள் வீட்டு ஒழுங்கைச் சந்தி வருவதற்கு முன்பே சாரதியிடம் மெதுவாகப் போகச் சொன்னான்.

பிள்ளை அழுவான், பயப்படுவான் என்று என்னென்னவோ சொல்லித் தயார்செய்து வைத்திருந்தேன். அவன் இடது பக்கமாக வந்து நின்று இடது கையைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அந்தப் பக்கம்தான் நடக்கிறான். வாப்பா எதிலும் முட்டுவதற்கு முன் கையை இழுக்கிறான். முதலாம் வகுப்புக்கும் அப்படியே போனார்கள். வாசலில் நின்ற பெற்றோரில் சிலர் பார்த்தார்கள், றிம்சான் அதைக் காணவில்லை.

அன்று மாலை ஜெட்டை மடியில் வைத்து விரலால் தடவினான். மூக்கு, கண்ணாடி, பச்சை வால். இடது இறக்கைக்கு வந்ததும் விரல் நின்றது. "என்ன ராத்தா இது, பெயின்ற் அடிச்சீங்களா, கஞ்சி ஊத்தினீங்களா?" நான் செப்டெம்பரில் எதிர்பார்த்த வசை. சமையலறைக்குப் போய் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன்.

இத்தோடு முடித்திருக்க வேண்டிய கடிதம். சொல்லாமல் விடலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

முன் இருக்கையில் இடது கண் பஞ்சு அப்படியே இருக்கிறது. அதை இனி எடுக்க வராது. போன ஞாயிற்றுக்கிழமை தூசு தட்டும்போது கண்டேன், பின் இருக்கை மனிதனின் நெஞ்சிலும் ஒரு துண்டுப் பஞ்சு. புதியது. தலையணை மறுபடி கிழிந்திருக்கிறது.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். கோபப்படாமல்தான் கேட்டேன். கேதீஸ் மாமாவுக்கு என்ன?

"இன்னும் நோகல்ல மாமி. நோகக்குள பஞ்சு வேணுமே."

றிம்சானுக்கு நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். அன்று பின்னேரம் அதைக் கிள்ளி எடுக்கப் பார்த்தேன். என் நகம்தான் உடைந்தது. தின்னர் வைத்துக் கரைக்கலாம், அது எனக்குத் தெரியும். போத்தலைத் திறந்துவிட்டு மூடிவிட்டேன். பஞ்சைக் கழற்றுவது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு வசனத்தை நான் எழுதுவேன் என்று யாராவது போன வருடம் சொல்லியிருந்தால் அவரை வீட்டுக்குள் எடுத்திருக்க மாட்டேன்.

நான் இவற்றை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் டாக்டரிடம் போய் நெஞ்சைச் சோதித்துப் பாருங்கள். காரணம் கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

மர்ஷூதா அக்கா


டோஹா
22.03.2024

அன்பான அக்காவுக்கு,

வணக்கம். நோன்பு காலம், உங்களுக்கும் றிம்சானுக்கும் உடம்பு தாங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அவர் படுத்த கட்டிலில் இப்போது நேபாளக்காரர் ஒருவர். இரவு முழுக்கக் குறட்டை. றிம்சானின் வாய்க்கு அது எவ்வளவோ மேல் என்று அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நீங்கள் சொன்னபடியே சிரித்தேன். பிறகு கிழித்தும் விட்டேன். அக்கா, சின்னப் பிள்ளை, வாப்பாவுக்கு ஒட்டினவன் மாமாவுக்கும் ஒட்ட வேண்டும் என்று நினைத்திருப்பான். ஒரே வண்டியில் இருக்கிறவர்களுக்குள் பாகுபாடு காட்டாத பிள்ளை. எனக்கு ஒரு குறையும் இல்லை. இருமல் இருக்கிறது, இந்தப் புழுதிக்கு இங்கே எல்லோருக்கும் இருமல்தான். நாள் முழுக்கச் சுத்தியல் பிடிக்கிறவனுக்குத் தோளும் நெஞ்சும் பிடித்துக்கொள்வது புதிதில்லை. படுத்து எழும்பினால் போய்விடும்.

சித்திரைப் புதுவருடத்துக்கு வரச் சொல்லி மனைவி சுஜித்தா ஒவ்வொரு நாளும் போனில் சண்டை பிடிக்கிறாள். இந்த முறை வந்துவிடலாம் என்றிருக்கிறேன். வந்தால் மருதமுனைக்கு வருவேன். அந்த மீசை விடயத்தை அஹ்ஸனோடு நேரில் கதைக்க வேண்டும். அதுவரை காரைதீவுப் பக்கம் போனாலும் என் மனைவியிடம் இதைப் பற்றி மூச்சும் விடாதீர்கள். அவள் பயந்த சுபாவம்.

எல்லோருக்கும் என் அன்பு. பிள்ளையைக் கண்டிக்க வேண்டாம்.

கேதீஸ்வரன்

பி.கு. உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். உங்களுடைய மனத்திருப்திக்காக வருகிற புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டு வைத்திருக்கிறேன். எங்கே நோகிறது என்று கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும். அவன் பஞ்சை நெஞ்சில் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறான் என்று மட்டும் எழுதுங்கள்.